பருத்த உடலிலும் பட்டினி உண்டு

(அண்மையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றிலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்திரிகைகளில் வெளிவரும் கேலிச்சித்திரங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். முதலாளியை வரையும் ஓவியன் பெருத்த தொந்தியோடுதான் அவனை வரைவான். தொழிலாளியை வரையும்போது விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவான். கொழுத்தவன் உண்டவன், மெலிந்தவன் உண்ணாதவன் என்ற பாடத்தை நாமெல்லோரும் சிறு வயதிலேயே படித்துக்கொண்டோம். ஒரு காலத்துக்கு அந்தப் பாடம் பொருத்தமாகவே இருந்தது. இன்றோ அது பிழையாகிவிட்டது. பிழையானதோடு நில்லாமல், ஏழைக்கு எதிரான பொய்ச் சாட்சியாகவும் மாறிவிட்டது. இன்று உங்கள் முன் நான் எடுத்துவைக்கும் வழக்கு இதுவே: பட்டினியும் உடற்பருமனும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று எண்ணாதீர்கள், அவை ஒரே வறுமையின் வயிற்றிற் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

முதலில் உலகக் கணக்கைப் பார்ப்போம். 2024 ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 67 கோடி மக்கள் பட்டினியால் வாடினர் என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் அதனோடு இணைந்த நிறுவனங்களும் கணக்கிட்டன. உடல்நலத்துக்கேற்ற உணவை விலைகொடுத்து வாங்கச் சக்தியற்றோர் ஏறத்தாழ 260 கோடி. மறுபுறத்தில், 2022 ஆம் ஆண்டிலே வளர்ந்தோருள் 89 கோடிப் பேர் உடற்பருமன் உடையோராயிருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதற்கணக்கில் உள்ளோரெல்லாம் ஏழைகள், பிற்கணக்கில் உள்ளோரெல்லாம் செல்வர்கள் என்று யாரேனும் எண்ணினால், அவர் இக்காலத்து உலகத்தை அறியாதவர்.

இனி நம் நாட்டுக் கணக்கு. 2016 ஆம் ஆண்டில் இலங்கையில் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையான மணமான பெண்களுள் நூற்றுக்கு 45 பேர் தம் உயரத்துக்கு மிஞ்சிய எடை உடையோர். அதே மதிப்பீடு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகிப்போனவர்கள் என்றும், நூற்றுக்கு 15 பேர் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்தவர்கள் என்றும் கூறியது. தாய் பருத்திருக்கிறாள், பிள்ளை வற்றியிருக்கிறது. ஒரே தீவில், ஒரே வீதியில், சிலவேளை ஒரே கூரையின் கீழ் இவ்விரண்டும் நிகழ்கின்றன.

வழக்காடுபவன் எதிர்த்தரப்பின் சாட்சியத்தை மறைக்கலாகாது. அதே மதிப்பீட்டில் நகரத்துப் பெண்களிடமும் வசதி படைத்த குடும்பத்துப் பெண்களிடமுமே மிகையெடை கூடுதலாகக் காணப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், நாட்டின் வருமானம் உயர உயர, இந்நிலை மேற்தட்டிலிருந்து கீழ்த்தட்டை நோக்கி இறங்குவதைப் பல நாடுகளின் வரலாறு காட்டுகிறது. மேலை நாடுகளிலே அது ஏற்கெனவே ஏழையின் துன்பமாகிவிட்டது. அங்கு நடந்தேறியதை அறிந்தாற்றான், இங்கு நடக்கத் தொடங்கியிருப்பது நமக்கு விளங்கும்.

உலகின் செல்வந்த நாடாகிய அமெரிக்காவில் 1995 ஆம் ஆண்டு வில்லியம் டீற்ஸ் என்ற குழந்தை மருத்துவர், மருத்துவச் சஞ்சிகையொன்றிலே ஒரு விசித்திரமான கேள்வியை எழுப்பினார். பசி உடற்பருமனை உண்டாக்குமா என்பதே அக்கேள்வி. ஏழு வயதுச் சிறுமி. அளவுக்கு மிஞ்சிய பருமன். குடும்பமோ அரசாங்க உதவிப் பணத்தில் வாழ்வது. அடுத்த உதவிப் பணம் வருமுன்னே கையிலிருந்த காசு தீர்ந்துவிடும். அந்த நாட்களில் மலிவான கொழுப்புணவே பசிக்குத் தடுப்பணை. 2001 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, அந்நாட்டுப் பெண்களை உணவு நிச்சயத்தின் அளவைக் கொண்டு வகைப்படுத்திற்று. உணவுக்குக் கவலையற்ற பெண்களுள் மிகையெடை உடையோர் நூற்றுக்கு 34. சிறிதளவு கவலையுற்றோருள் 41. அதற்கும் மேலே நடுத்தர நிலையிற் கவலையுற்றோருள் 52. கவலை ஏற ஏற எடையும் ஏறியது. ஆண்களிடமும் குழந்தைகளிடமும் இத்தொடர்பு இவ்வளவு தெளிவாகக் காணப்படுவதில்லை. பெண்களிடமே மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. ஏன் பெண்களிடம் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலே கடைசியாக உண்பவள் யார் என்று உங்கள் மனச்சாட்சியைக் கேட்டுப் பாருங்கள்; விடையின் ஒரு பகுதி கிடைத்துவிடும்.

உணவுப் பாதுகாப்பின்மை என்றால் அடுப்பு எரியாத வீடு என்று மட்டும் பொருள் கொள்ளாதீர்கள். நாளைக்கு உண்டா என்று தெரியாத நிலையும் அதுவே. பால் வேண்டிய பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் கொடுத்து உறங்கவைக்கும் நிலையும் அதுவே. பிரேசில் நாட்டு மருத்துவரான யோசுவே த காஸ்ட்ரோ, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இதனை உலகுக்கு எடுத்துரைத்தார். உணவே இன்றி மடியும் பசி ஒன்று. வயிறு நிரம்பியும் உடலுக்கு வேண்டிய சத்துக் கிடையாத மறைவான பசி மற்றொன்று. பின்னையது ஓசையின்றிக் கொல்வது.

மறைவான பசி உடலைப் பருக்கச் செய்வது எவ்வாறு? வழிகள் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, விலை. நூறு ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் தாய் ஒரு கணக்கரைவிடத் திறமையாகக் கணக்குப் பார்க்கிறாள். எந்தப் பொருளை வாங்கினால் ஐந்து வயிறுகள் இரவு அழாமல் உறங்கும்? கோதுமை மா, வெள்ளை அரிசி, சீனி, எண்ணெய் ஆகியவையே அந்தக் கணக்கிலே வெல்கின்றன. முட்டையும் மீனும் பயறும் கீரையும் பழமும் தோற்றுப்போகின்றன. ஒரு ரூபாவுக்கு அதிக கலோரி தரும் பொருளிலே பெரும்பாலும் குறைந்த சத்தே இருக்கிறது. அவளுடைய அறியாமையினால் வந்த வினை இதுவென்று சொல்பவர், அவளுடைய கைப்பையை ஒருநாளேனும் வாங்கிப் பார்க்கட்டும்.

இரண்டாவது, நிலையாமை. சம்பளம் கிடைத்த வாரம் நிறைந்த சோறு. மாதக் கடைசியிலே குறைந்த சோறு. பலமுறை பட்டினியை அனுபவித்த மனிதன் உணவு கிடைத்த வேளையில் கூடுதலாக உண்பது இயல்பு. நாளையைப் பற்றிய அச்சம் இன்றைய தட்டை நிரப்புகிறது. ஓயாத மனக்கவலையும் உறக்கமின்மையும் கொழுப்பைச் சேர்ப்பதிலே தம் பங்கைச் செலுத்துகின்றன என்று மருத்துவர் கூறுகின்றனர்.

மூன்றாவது, கருப்பை. 1944 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1945 மே மாதம் வரை, ஜேர்மன் படையின் பிடியிலிருந்த ஒல்லாந்தின் மேற்குப் பகுதியைக் கொடிய பஞ்சம் பீடித்தது. ஒருவருக்கு ஒருநாட் பங்கீடு 1000 கலோரிக்கும் கீழே இறங்கிற்று. பல ஆண்டுகளின் பின், படைச்சேவைக்கு அழைக்கப்பட்ட 19 வயது இளைஞர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரின் பதிவுகளை அறிஞர் ஆராய்ந்தனர். 1976 இல் வெளியான அவ்வாய்வு சொன்னது என்ன? தாய் கருவுற்ற முற்பகுதியிலே பஞ்சத்துக்கு ஆளாகியிருந்தால், அப்பிள்ளைகளிடையே உடற்பருமன் கூடுதலாயிருந்தது. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரச் சேரிகளில் நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, உயரம் குன்றிய பிள்ளைகளின் உடல் கொழுப்பை எரிப்பதிலே பின்தங்கியிருப்பதைக் கண்டது. பஞ்சம் முடிந்த பின்னரும் பஞ்சத்தின் கணக்கு உடலிலே எழுதப்பட்டிருக்கிறது. தாய்க்கு மறுத்த உணவுக்குப் பிள்ளை வட்டி கட்டுகிறது.

தோழர்களே, நமது தட்டிலே மாவும் சீனியும் எவ்வாறு வந்து குந்தின என்பதை இனிச் சொல்கிறேன். அவை தாமாக வரவில்லை. சட்டங்களும் வர்த்தமானிகளும் கப்பல்களும் அவற்றைக் கொண்டுவந்தன.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 இல், இந்நாட்டிலே அரிசிப் பங்கீடு தொடங்கிற்று. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் நாள் நாடு ஹர்த்தாலிலே எழுந்து நின்றது. ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியைத் துறந்தார். 1979 இல் பங்கீடு போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி ரூபாவிலே நிலையாக நின்றது. பொருள்களின் விலையோ நில்லாமல் ஏறியது. முத்திரை கையிலிருக்க, அதன் வலிமை ஆண்டுதோறும் கரைந்தது. இதற்கிடையிலே அமெரிக்க உதவிக் கோதுமையும், 1980 இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பெரும் மா ஆலையும், பாணை ஏழையின் காலையுணவாக நிலைநிறுத்தின.

மலையகத்தின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? கோதுமை மா ரொட்டியும் சீனித் தேநீருமே தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து மக்களின் உழைப்புக்கு எரிபொருளாயின. 2016 ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே தோட்டப்புறக் குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர், உயரம் குன்றியோராய் இருந்தனர். நாட்டுக்குத் தேயிலை தந்தவர்களின் பிள்ளைகளுக்கு நாடு தந்த பரிசு இது. சாவோ பாவுலோவின் பாடத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். இன்று குறுகிப்போன குழந்தை நாளை நகரத்துக் கடையிலே வேலைக்குச் சேர்ந்து, நாள்முழுதும் ஓரிடத்தில் நின்று, பாணும் இனிப்புப் பானமும் உண்டு வாழும்போது அதன் உடல் என்னவாகும்?

வடக்கின் கதை வேறொரு வழியிலே அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. குரக்கன் பிட்டும், ஒடியற் கூழும், முருங்கை இலை வறையும், சிறு மீனும் உண்ட மக்கள், 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே கிடைத்ததை உண்டு உயிர் பிழைத்தனர். கடற்றொழிலாளிக்குக் கடல் மறுக்கப்பட்டது. விவசாயிக்கு நிலம் மறுக்கப்பட்டது. 2009 இல் முகாம்களிலே அவர்களுக்கு வழங்கப்பட்ட உலருணவு அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். உயிரைக் காத்த உணவு அது. அதனை நான் இகழேன். ஆனால் ஆபத்துக்கால உணவே அன்றாட உணவாகி நிலைத்துவிட்டால், அடுத்த வரிசை நீரிழிவு மருத்துவமனையின் முன்னே நிற்கும்.

அண்மைய நெருக்கடியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவு விலையேற்றம் ஓராண்டில் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. அவ்வாண்டின் நடுப்பகுதியிலே 63 இலட்சம் மக்கள் உணவுப் பாதுகாப்பின்றி இருந்தனர் என்று உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது. வீடுகளிலே முதலில் மறைந்தவை எவை? மீன், முட்டை, பால், இறைச்சி. கடைசிவரை நின்றவை எவை? சோறும் தேநீரும்.

இவ்விடத்திலே ஒரு சட்டக் கதை. 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ், ஓர் அமைச்சர் வர்த்தமானிக் கட்டளை மூலம் உணவுப் பொருளின் வரியை ஒரே இரவில் மாற்றலாம். 2020 ஒக்டோபரிலே ஒரு கிலோ சீனிக்கான அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அரசாங்கம் 1,000 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்தை இழந்தது; வாங்குவோனுக்கோ அதற்கேற்ற விலைக்குறைப்புக் கிட்டவில்லை. 2023 நவம்பரிலே அதே அறவீடு மீண்டும் 50 ரூபாவாயிற்று. இதே சட்டத்தின் கீழேதான் ஏழை உண்ணும் பருப்பும் நெத்தலியும் தகரமீனும் அறவீட்டுக்கு உள்ளாகின்றன. சீனிக்கு 25 சதம் என்ற கட்டளையை எழுதிய கை, ஏழையின் தட்டிலே என்ன விழும் என்பதையும் சேர்த்தே எழுதியது. அதை எழுதுமுன் எந்தத் தாயிடமும் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவும் நடந்த பின்னரும் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்படுவது யார் தெரியுமா? அந்தத் தாய்தான். நலன்புரி உதவி மறுக்கப்பட்டோருக்கு மேன்முறையீடு எழுதிக் கொடுக்கும் பணியிலே சில காலம் ஈடுபட்டிருந்தேன். அப்போது மூன்று பிள்ளைகளின் தாயொருவர் வந்தார். கணவருக்கு நாட்கூலி, கிழமையில் மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிது. விசாரிக்க வந்த உத்தியோகத்தர் ஒருவர், “உங்களைப் பார்த்தால் பட்டினி கிடப்பவர் போலத் தெரியவில்லையே” என்று சொல்லிச் சிரித்தாராம். அந்தத் தாய் நீரிழிவுக்காரி. காலையிலே சீனி போட்ட வெறுந்தேநீர். மதியம் பிள்ளைகள் உண்டபின் எஞ்சிய சோறு. இரவு பாணும் சம்பலும். மருத்துவர் அவருக்குப் பழமும் மீனும் கீரையும் எழுதிக் கொடுத்திருந்தார். வாங்குவதற்குரிய காசை எழுதிக் கொடுக்க எந்த மருத்துவராலும் முடியாதே! உடலின் பருமன் வயிற்றின் நிறைவுக்குச் சான்றாகாது. எந்த நியாயசபையும் ஏற்கத்தகாத இந்தச் சாட்சியத்தை எந்த உத்தியோகத்தரும் ஏற்கலாகாது. பருமனைக் கண்டு உதவியை மறுப்பவர், நோயைக் கண்டு மருந்தை மறுப்பவருக்கு ஒப்பானவர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை, குடிமக்கள் யாவரும் போதிய உணவு உள்ளிட்ட போதிய வாழ்க்கைத் தரத்தை எய்துதலை அரசின் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 29 ஆம் உறுப்புரை, அந்த அத்தியாயத்தின் எதையும் எந்த நீதிமன்றிலும் வலியுறுத்திக் கேட்கமுடியாது என்று கதவை அடைக்கிறது. ஒரு கையாலே கொடுத்து மறுகையாலே பறிப்பது இதுதான். 1980 இல் இந்நாடு ஏற்றுக்கொண்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையோ, உணவை ஒவ்வொருவரின் உரிமையாகக் கூறுகிறது. அயல்நாடாகிய இந்தியாவிலும் போசாக்குப் பற்றிய உறுப்புரை வழிகாட்டிக் கோட்பாடாகவே இருந்தது. எனினும் அந்நாட்டு உயர்நீதிமன்றம், உயிர்வாழும் உரிமை பற்றிய வழக்கிலே, 2001 நவம்பர் 28 ஆம் நாள், அரசாங்க ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சமைத்த மதிய உணவு வழங்கக் கட்டளையிட்டது. 300 கலோரி என்று மட்டும் சொல்லி நின்றுவிடாமல், 8 முதல் 12 கிராம் வரை புரதமும் இருக்கவேண்டும் என்று அளந்து சொன்னது. வயிறு நிரம்பினாற் போதாது, உடல் வளரவேண்டும் என்பதை ஒரு நீதிமன்றம் உணர்ந்த நாள் அது. நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலோ உயிர்வாழும் உரிமைகூட வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

ஆகவே, நாம் கேட்கவேண்டியவை தெளிவாகின்றன. உணவுரிமை நீதிமன்றிலே கேட்டுப் பெறத்தக்க அடிப்படை உரிமையாக வேண்டும். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும உதவித்தொகை, சத்துள்ள உணவுக் கூடையொன்றின் விலையோடு ஏறி இறங்கும்படி சட்டத்திலே கட்டப்படவேண்டும். 2025 ஜனவரியில் மிக வறிய குடும்பத்துக்கான தொகை 15,000 ரூபாவிலிருந்து 17,500 ரூபாவாக உயர்த்தப்பட்டதை வரவேற்கிறேன். ஆனால் அரசாங்கத்தின் மனம் இளகும்போது மட்டும் உயரும் தொகை உரிமையாகாது. உணவு முத்திரை கரைந்த கதை இரண்டாம் முறையும் நிகழ அனுமதிக்கலாகாது. பாடசாலை உணவு கலோரியால் மட்டுமன்றிப் புரதத்தாலும் அளக்கப்படவேண்டும். சீனியிலே பெறும் வரி, முட்டையையும் பயறையும் மீனையும் ஏழைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவரப் பயன்படவேண்டும். உணவின் மீதான அறவீடு எதுவும் நடைமுறைக்கு வருமுன் பாராளுமன்றத்திலே விவாதிக்கப்படவேண்டும். தோட்டத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு, கீரை விதைக்கவும் கோழி வளர்க்கவும் ஒரு துண்டு நிலமும் வேண்டும்.

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்கவேண்டுமென்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊர்ச் சங்கக் கடையிலே மாவும் சீனியும் இருக்கும் அளவுக்குப் பயறும் குரக்கனும் கருவாடும் இருக்கின்றனவா என்று அடுத்த கூட்டத்திலே எழுந்து கேளுங்கள். உதவி மறுக்கப்பட்டவர்களை அழைத்துச் சென்று, காலக்கெடு முடியுமுன் மேன்முறையீட்டை எழுதிக் கொடுங்கள். உத்தியோகத்தர் உருவத்தைப் பற்றிப் பேசினால், அதையும் எழுத்திலே பதியுங்கள். தாய்மார்கள் கடைசியாகவும் குறைவாகவும் உண்ணும் வழக்கத்தை உங்கள் வீட்டிலிருந்தே மாற்றத் தொடங்குங்கள். அதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை.

1953 இல் இந்நாட்டு மக்கள் அரிசியின் விலைக்காக எழுந்தார்கள். வயிற்றின் அளவைப் பற்றிய போராட்டம் அது. இன்று நம்முன் உள்ளது தட்டிலே இருக்கும் உணவின் தன்மையைப் பற்றிய போராட்டம். இதற்கு ஆரவாரம் குறைவு. எலும்பும் தோலுமான உருவங்களைக் காட்டி உலகின் இரக்கத்தை வேண்டவும் இயலாது. மெல்லக் குருடாகும் கண்களிலும், வெட்டி அகற்றப்படும் கால்விரல்களிலும், மருத்துவமனை வாங்கில்களிலும் இதன் இழப்பு எண்ணப்படுகிறது. அந்த எண்ணிக்கை பெருகுமுன் எழுந்து நிற்பது நம் கடமை.